புதன்கிழமை ராணி

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நாத்தனாரிடமிருந்து போன் வந்தபோது, கண்ணாடி ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடியில் எள்ளளவு திருகாணியை ஏற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வைத்தது நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த முதல் மாதமே வைத்தாள். அது வீட்டில் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. கட்டின புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுவான்.

"கண்ணாடி, இன்னிக்குச் சாயந்திரம் என்னால வர முடியாது. வார்டுல ஒருத்தி திடீர்னு லீவு போட்டுட்டா, ராத்திரி வரைக்கும் நான்தான் பார்க்கணும். நாளைக்கு விடியக்காலையில பெட்டி பிரிச்சுக்கலாம். கணக்குப்படி நாளைக்கு ராத்திரிதானே ராணி வெளிய வரும், நேரம் இருக்கு."

"சரி அண்ணி."

வாய்தான் சரி என்றது. திருகாணி விரலிலிருந்து நழுவி எங்கேயோ உருண்டோடியது.

கணக்கு என்று நாத்தனார் சொன்னது சுவர்க் காலண்டரில் இருந்த கணக்கு. முட்டை விழுந்த நாளிலிருந்து பதினாறாம் நாள் ராணித் தேனீ தன் மெழுகு அறையை அறுத்துக்கொண்டு வெளியே வருவாள். வந்ததும் அவள் செய்கிற முதல் காரியம், பக்கத்து அறைகளில் இன்னும் பிறக்காமல் இருக்கிற தங்கச்சிகளைத் தேடிப் போய், பக்கச் சுவரைக் கடித்துத் துளைத்துக் கொட்டிக் கொல்வது. ஒரு வீட்டுக்கு ஒரு ராணி என்பது அவர்கள் சட்டம். ஆகையால் முதல் ராணி பிறப்பதற்கு முன்பே பெரிய பெட்டியைச் சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரித்து, ஆளுக்கொரு ராணி அறையைக் கொடுத்துவிட வேண்டும். முந்தினால் உள்ளே இருப்பது முற்றாத பிஞ்சு. பிந்தினால் எல்லாம் பிணம். வளர்ப்பது தேனீயின் வேலை, நாளை எண்ணுவது மனுஷர் வேலை என்பாள் நாத்தனார். அவளிடம் காலண்டர் தப்பியதே கிடையாது.

இந்தத் தடவை தப்பியிருந்தது. அது கண்ணாடிக்கு மட்டும் தெரியும்.

போன வருஷம் உண்ணி விழுந்து, வீட்டுப் பின்கட்டில் இருந்த ஒன்பது பெட்டியில் ஆறு செத்துப்போனது. தப்பியவற்றில் ஒரு கூட்டம் மட்டும் நோயை அண்டவே விடவில்லை. அந்த ராணிக்கு மூன்று வயது, தேனீ ராணிக்கு அது பாட்டி வயது. அவள் வாரிசுகளைப் பெருக்கிவிட வேண்டும் என்று நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அந்த ராணியை ஒரு வெற்றுத் தேனடையில் வைத்து, அன்று ராத்திரி அதில் முட்டையிடும்படி கம்பிவலைக்குள் அடைக்க வேண்டியது கண்ணாடியின் பொறுப்பு. நாத்தனாருக்கு அன்று இரவு டியூட்டி.

அந்த வியாழக்கிழமை கண்ணாடி ஊரிலேயே இல்லை. மூன்று மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஒரு பெரிய ஊரில், லென்ஸ் தயாரிக்கும் பட்டறை ஒன்றில் அவளுக்கு இன்டர்வியூ. போகச் சொன்னது புருஷன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அவனுக்கும் மாடிக் கட்டடங்கள் நிறைந்த அந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அப்பா அம்மா போன பிறகு அவனைத் தோளில் தூக்கி வளர்த்த அக்காவிடம், "உன்னை விட்டுட்டுப் போறோம்" என்று சொல்ல மட்டும் அவனுக்கு நாக்கு எழவில்லை.

"கிடைச்சா சொல்லிக்கலாம். கிடைக்கலேன்னா எதுக்கு வீணா?" என்றான்.

அவளும் தலையாட்டினாள். புதன்கிழமை சாயங்காலமே ராணியை அடைத்துவிட்டு, காலண்டரில் வியாழக்கிழமைக் கட்டத்தில் பேனாவால் வட்டம் போட்டாள். ஒரு நாள்தானே என்று நினைத்தாள்.

அடுத்த திங்கள் சாயங்காலம் அடையிலிருந்து பொடிப் புழுக்களை மெல்லிய தூரிகையால் தொட்டெடுத்து, மெழுகுக் கிண்ணிகளுக்கு மாற்றியவளும் அவள்தான். வீட்டிலேயே கூரான கண் அவளுடையது. சில புழுக்கள் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்தன. ஆனமட்டும் சின்னதாகப் பொறுக்கினாள். பத்துக்குப் பிறகு கழுத்து வலி. கடைசி நாலைந்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. தேனீக்கள் பதினாலு கிண்ணியையும் ஏற்றுக்கொண்டு, பாட்டி ராணியைச் சின்னப் பெட்டிக்கு மாற்றியதால் ராணியில்லாமல் போன அவளுடைய பெரிய பெட்டியில் வளர்க்க ஆரம்பித்தன. அந்தச் சனிக்கிழமையே பாட்டி ராணி அந்தச் சின்னப் பெட்டி வாசலில் செத்துக் கிடந்தாள். இனி அவள் வம்சம் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் பதினாலு அறைகள்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பட்டறையிலிருந்து வேலை கிடைத்த கடிதமும் வந்துவிட்டது. அதையும் புருஷன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இன்றைக்கு, நாளைக்கு என்று ஓட்டிக்கொண்டிருந்தான்.

கண்ணாடி மேஜைக்கடியில் குனிந்து திருகாணியைத் தேடியபடியே மறுபடி விரல்விட்டு எண்ணினாள். புதன் ராத்திரி முட்டை. அப்படியென்றால் இன்று ராத்திரி. இந்த வெயிலுக்கு அரை நாள் முந்தினாலும் ஆச்சரியமில்லை. அரை நாள் முந்தினால் இப்போதே.

"முதலாளி, வயித்தைப் புரட்டுது. வீட்டுக்குப் போகணும்."

"போன மாசமும் இப்படித்தான் புரட்டுச்சு. புரட்டுறது வயிறா, வேற ஏதாவதா?"

"நாளைக்குச் சேர்த்து உட்கார்றேன் சார்."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே தலையசைத்தார். படியிறங்கியவள் நேரே போகாமல் பக்கத்து பியூட்டி பார்லருக்குள் நுழைந்தாள். பார்லர்க்காரி ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.

"முடி சுருட்டுற ரோலர் இருக்கா? ஓட்டை ஓட்டையா, பிளாஸ்டிக்ல. ஒரு பத்துப் பன்னெண்டு வேணும். நாளைக்குத் தந்துடறேன்."

"உனக்கா? நெஞ்சு வரைக்கும் பின்னல் போடற உனக்கு எதுக்குச் சுருட்டு?"

"எனக்கில்ல. ராணிக்கு."

பார்லர்க்காரி சிரித்துக்கொண்டே ஒரு பையை நீட்டினாள். எந்த ராணி என்று கேட்பதற்குள் கண்ணாடி தெருவில் இருந்தாள்.

பின்கட்டில் வெயில் கொளுத்தியது. ஆனால் மேற்கே ஒரு மூலையில் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. பெரிய பெட்டி வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. மூடியைத் திறக்கத் தைரியம் வரவில்லை. மண்டியிட்டுப் பெட்டியின் பக்கப் பலகையில் காதை ஒட்டிவைத்தாள்.

முதலில் வெறும் ரீங்காரம். பிறகு அதைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் எழுந்தது. பீ... என்று ஒரு நீட்டல், அதன் பின்னே பீப், பீப், பீப் என்று குறுகிக்கொண்டே போகும் துண்டுகள். பொம்மை ஊதலை யாரோ போர்வைக்குள் வைத்து ஊதுவது போல.

பிறந்த ராணி மட்டும்தான் அப்படிக் கத்துவாள்.

வார்டு நம்பரைப் போட்டாள். யாரோ எடுத்து, "சிஸ்டர் ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க, அப்புறம் கூப்பிடுங்க" என்றார்கள். "வீட்டிலேருந்து பேசறேன், அவசரம்" என்றாள். அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சக்கரம் கிரீச்சிடும் சத்தம், யாரோ இருமும் சத்தம். ஒரு யுகம் கழித்து நாத்தனார் குரல் வந்தது.

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல அண்ணி. ராணி வெளிய வந்துடுச்சு. கத்துது."

"என்ன உளர்றே? நாளைக்கு ராத்திரிதானே?"

"இல்ல அண்ணி. நான் வியாழக்கிழமை அடைக்கல. புதன்கிழமையே அடைச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் வியாழன்ல வட்டம் போட்டே?"

பொய்யை இன்னும் ஒரு முழம் நீட்டலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பெட்டிக்குள் மறுபடி பீ என்றது.

"வியாழக்கிழமை நான் ஊர்ல இல்ல. ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். வெளியூர்ல. அந்த வேலை கிடைச்சுடுச்சு."

தள்ளுவண்டிச் சத்தம் தூரத்தில் போய் நின்றது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது." அது கேள்வி இல்லை. அடுத்த வார்த்தை நர்ஸ் குரலில் வந்தது. "அவ கத்தும்போது பதில் சத்தம் வருதா? காதை வெச்சுக் கேளு. அறைக்குள்ள இருக்கிறதுங்க உயிரோட இருந்தா பதில் சொல்லும். வாத்து கத்தற மாதிரி, கம்மலா."

கண்ணாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பீ, பீப், பீப். பிறகு அடியாழத்திலிருந்து, குவா குவா. இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொரு குவா.

"வருது! வருது அண்ணி!"

"எத்தனை?"

"ரெண்டு... மூணு. சரியாத் தெரியல."

"அறை தொங்குற மரச் சட்டத்தை உடனே வெளிய எடு. தேனீயை உதறாதே, உதறினா உள்ளே இருக்கிறதுக்கு இறக்கை போயிடும். இறகால மெல்லத் தள்ளு. தலைகீழாப் புரட்டாதே. அடுப்படியில ஹாட்பேக் இருக்கில்ல, வெந்நீர்ல துண்டைப் பிழிஞ்சு அதுல விரிச்சு, நட்டுக்குத்தா நிக்க வை. நான் வர்றேன்."

"டியூட்டி?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ கையை நடுங்க விடாம பாரு."

புகையை இரண்டு ஊது ஊதி மூடியைத் திறந்தாள். நடுச் சட்டத்தை அங்குலம் அங்குலமாக மேலே தூக்கினாள். நிலக்கடலைத் தோடு போலப் பதினாலு அறைகள் தொங்கின. ஓரத்தில் ஒன்றின் நுனி வட்டமாக அறுபட்டு, மூடி ஒரு இழையில் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்தவள்தான். அவள் கண் சரியாகப் பார்க்காத கடைசி நாலைந்தில் ஒன்று. அதை அடுத்து வரிசையாக ஆறு அறைகளின் பக்கவாட்டில் கிழிசல். வேலைக்காரத் தேனீக்கள் அந்த ஓட்டைகள் வழியே வெள்ளை வெள்ளையாக எதையோ இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன.

எட்டாவது அறைமேல் அவளே இருந்தாள். ஒல்லியாக, நீளமாக, எண்ணெய் தேய்த்தது போல மின்னிக்கொண்டு. சுவரைக் கடித்துத் துளை போட்டு முடித்து, அடிவயிற்றை வளைத்து அந்தத் துளைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு யோசிக்க நேரமில்லை. ஒரு கையில் சட்டம். மறு கையால் பையில் இருந்து ஒரு ரோலரை எடுத்து அப்படியே அவள்மேல் கவிழ்த்தாள். ராணி சட்டென்று விலகி ஓடினாள். கன்னி ராணிகள் கரப்பான் பூச்சி மாதிரி ஓடும். சட்டத்தின் விளிம்புக்குப் போய், இன்னும் ஒரு அடி வைத்தால் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான தேனீக்களுக்கு நடுவே விழுந்து மறைந்திருப்பாள். இரண்டாம் முறை கவிழ்த்தது சரியாக விழுந்தது. கட்டை விரலில் ஒரு வேலைக்காரி கொட்டினாள். கண்ணாடி விரலை எடுக்கவில்லை. ரோலரின் வாயை ஒரு துண்டு நுரைப்பஞ்சால் அடைத்த பிறகுதான் "அம்மா" என்று முனகினாள்.

தேனீக்களை இறகால் தள்ளிவிட்டு, சட்டத்தைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அறைகளை ஒவ்வொன்றாக மெழுகோடு கழற்றி, ரோலருக்குள் நட்டுக்குத்தாக நிறுத்தி, வெதுவெதுப்பான துண்டில் அடுக்கினாள். கிழியாத அறைகள் ஆறு. துளை விழுந்த எட்டாவது அறைக்குள் கொடுக்கு இறங்கியதா இல்லையா என்று சொல்ல முடியாது. அதையும் வைத்தாள். ஆக ஏழு. எல்லா நுனிகளும் மெழுகு சுரண்டப்பட்டுப் பழுப்பாக இருந்தன. இன்று ராத்திரிக்குள் எல்லாம் திறக்கும்.

மூன்று மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நாத்தனார் வெள்ளைச் சீருடையோடு வந்திறங்கினாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"மேட்ரன் கால்ல விழாத குறையா மூணு மணி நேரம் வாங்கியிருக்கேன். ஆறு மணிக்கு நான் அங்க நிக்கணும். எத்தனை தேறிச்சு?"

"ஆறு. ஒண்ணு சந்தேகம்."

"ஆறு பெட்டி போடணும்னா மேகத்தை யாராவது கயித்துல கட்டணும். வா."

பெரிய பெட்டியில் இருந்து இரண்டு கூட்டம் பிரிக்கலாம். மற்ற நாலுக்கும் மீதி இருந்த இரண்டு பெட்டிகளிலிருந்துதான் புழுச் சட்டமும் தேன் சட்டமும் எடுக்க வேண்டும். அந்தப் பெட்டிகளில் பழைய ராணிகள் இருந்தார்கள். தவறிப்போய் பழைய ராணி சின்னப் பெட்டிக்குள் போய்விட்டால் புது அறைக்கு அதோடு சரி. அதனால் ராணியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சட்டத்தைக்கூட எடுக்கக் கூடாது.

முதல் பெட்டி ராணி மூன்றாவது சட்டத்திலேயே கிடைத்தாள். இரண்டாவது பெட்டிக்காரி கிடைக்கவே இல்லை. பத்துச் சட்டத்தையும் ஒரு முறை புரட்டினார்கள். இன்னொரு முறை புரட்டினார்கள். மேகம் சூரியனை மூடியதும் தேனீக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நாத்தனாரின் காதுமடலில் ஒன்று கொட்டியது. காற்று திரும்பி, புகை இவர்கள் கண்ணிலேயே அடித்தது.

"மணி என்ன?"

"நாலு பத்து."

"இன்னொரு தடவை பாரு. உன் கண்ணுக்குத் தப்பாது." அன்று அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் கடிந்துகொள்வது போலத்தான் சொன்னாள்.

சட்டத்தில் இல்லை. கண்ணாடி காலிப் பெட்டிக்குள் குனிந்தாள். மூலையில் ஒரு கொத்துத் தேனீக்கள் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் மெல்ல விலக்கினாள். நடுவே நீண்ட வயிறு ஒன்று தெரிந்தது.

"இதோ இருக்கா மகராசி!"

"பிடிச்சுக்கோ. விட்டுடாதே."

ஒரு பெட்டிக்கு இரண்டு புழுச் சட்டம், ஒரு தேன் சட்டம், மேலே இரண்டு சட்டத்துத் தேனீக்கள். இப்போதுதான் தாயைப் பிரிந்த தேனீக்கள் கோபத்தில் புது அறையைக் கடித்துக் கிழித்துவிடும் என்று, நாத்தனார் ஒவ்வொரு அறையையும் அலுமினியத் தாளால் சுற்றினாள். நுனியை மட்டும் திறந்துவிட்டாள். குழந்தைக்கு ஊசி போடுகிற அதே விரல்கள். சட்டங்களுக்கு நடுவே செருகி, மூடியை மூடி, வாசலில் புல்லை அடைத்தாள். ஐந்தாவது பெட்டி மூடும்போது முதல் துளி விழுந்தது. ஆறாவதை ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு முடித்தார்கள். அந்த அறையைத் தாளில் சுற்றும்போதே நுனியில் மயிரிழை போல ஒரு கோடு ஓட ஆரம்பித்திருந்தது. உள்ளிருந்து அறுக்கிறாள்.

"சீக்கிரம் அண்ணி!"

"தெரியுது."

மூடி விழுந்தது. மழையும் கொட்டியது.

அடுப்படி மேஜைமேல் இரண்டு ரோலர்கள் மிச்சம் இருந்தன. ஒன்றில் துளை விழுந்த அறை; அது கடைசிவரை திறக்கவே இல்லை. இன்னொன்றில் கொலைகாரி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"இவளை என்ன அண்ணி பண்றது?"

"பெரிய பெட்டியில மிச்சம் இருக்கிற கூட்டத்துக்கே விடு. அவ என்ன தேதி பார்த்தா பொறந்தா? அவ புத்திக்கு எது சரியோ அதைச் செஞ்சா." நாத்தனார் காதில் இருந்த கொடுக்கைப் பிடுங்கிப் போட்டாள். "செய்யக் கூடாதவங்க செஞ்சதுதான்..."

முடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் புருஷன் நனைந்துகொண்டே வாசலில் வந்து நின்றான். அக்காவின் சீருடையில் சேறு, பெண்டாட்டி கையில் வீக்கம், மேஜையில் ரோலர். ஒரே பார்வையில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அக்கா, நானே சொல்லணும்னுதான்..."

"லிஃப்ட்டு நடுவுல மாட்டிக்கிட்டவன்கூட மணி அடிச்சுக் கூப்பிடுவான்டா. உனக்கு வாய்தானே இருக்கு?" நாத்தனார் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "நீங்க போறது எனக்கு வருத்தம்தான். இல்லேன்னு சொன்னா அது பொய். ஆனா நான் தடுப்பேன்னு நினைச்சீங்க பாரு, அதுதான் தாங்கல."

ஐந்தே முக்காலுக்கு மழையிலேயே கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் தேனீப் பேச்சு மட்டும்தான் நடந்தது. "வாசல் புல்லை எடுத்தாச்சா?" "எடுத்தாச்சு அண்ணி." "மூணாம் பெட்டிக்குச் சர்க்கரைத் தண்ணி வை." "வெச்சுட்டேன் அண்ணி." சாப்பாட்டுத் தட்டு மேஜைக்கு வரும், பேச்சு வராது. புருஷனுக்கு இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். புது ராணிகள் ஆகாயத்துக்குப் பறந்து போய், ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பி வந்து முட்டை வைக்கும்வரை பெட்டியைத் தொடக் கூடாது. கண்ணாடிக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் காதுக்குள் பீ என்றது.

இருபத்திரண்டாம் நாள் இருவரும் பெட்டிகளைத் திறந்தார்கள். முதல் பெட்டியில் முட்டை இருந்தது. ஒரு அறைக்கு ஒன்று, குத்திவைத்த ஊசி போல. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதில் ராணியே இல்லை. பறந்து போனவளை ஏதோ குருவி கொத்தியிருக்கும். நாலாவது, ஐந்தாவது நல்லபடி. மயிரிழைக் கோட்டோடு உள்ளே போன ஆறாவது பெட்டியில் அடை வெறுமையாக இருந்தது. ராணி மட்டும் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு வாரம் கொடுப்போம் என்றாள் நாத்தனார். அந்த ஒரு வாரத்தில் அவளும் முட்டை வைத்தாள். கொலைகாரி சுமார்தான். முதிர்ந்த புழுவிலிருந்து வந்தவள் அல்லவா, அடையில் அங்கங்கே இடம் விட்டு விட்டு முட்டையிட்டிருந்தாள். நாத்தனார் அவளை மாற்றவில்லை.

ஆறில் ஐந்து. பாட்டி ராணியின் வம்சம் தப்பியது.

கடைசிப் பெட்டியை மூடிவிட்டு நாத்தனார் கையுறையைக் கழற்றினாள். "எப்போ சேரணும் அந்தப் பட்டறையில?"

"ஒண்ணாந் தேதி."

"வீடு பார்த்தாச்சா?"

"மாடி வீடு. மொட்டைமாடி நமக்கே."

"காத்து அடிக்குமா? எந்தப் பக்கம் வெயில் விழும்? பக்கத்துல மரம் கிரம் இருக்கா?"

கண்ணாடிக்குத் தெரியவில்லை. எதையும் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னாள்.

"பெட்டி வைக்கப் போற வீட்டை இப்படியா பார்க்கிறது? ரெண்டு பெட்டி உனக்கு. முதலாவதும் அஞ்சாவதும். அண்டை வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே பேசிடு."

ஒண்ணாந் தேதிக்கு முந்தின நாள் விடியற்காலையில் சாமான் வண்டி வந்தது. தேனீக்கள் வெளியே கிளம்புவதற்கு முன்பே வாசல்களில் வலை அடித்து, இரண்டு பெட்டிகளையும் கயிற்றால் கட்டி ஏற்றினார்கள். புருஷன் டிரைவர் பக்கத்தில் ஏறப் போனான். நாத்தனார் ஒரு சின்னப் பையோடு வந்து அவனை விலக்கினாள்.

"பின்னாடி பெட்டிகிட்ட நீ உட்காரு. ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். நீங்க வெயில்ல வெச்சுப் பொசுக்கிடுவீங்க." ஏறி உட்கார்ந்து, கண்ணாடிக்கு இடம் விட்டு நகர்ந்தாள். "ஏறும்மா. நேரமாகுது."